கொழுந்துச் சாக்கின் சூடு

சுகுணா கொழுந்துச் சாக்கை முழங்காலால் அழுத்தி, வாயை இறுக்கிக் கட்டினாள்.

தேயிலையை அப்படித் திணிக்கக் கூடாது என்பது கிளென்மார்கன் எஸ்டேட்டில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். சுகுணாவுக்கோ இருபது வருஷச் சர்வீஸ்.

பறித்த பிறகும் கொழுந்துக்கு உயிர் இருக்கும். அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்கிற குட்டி அடுப்புகள் எரிந்துகொண்டே இருக்கும். காற்றுப் பட்டால் சூடு வெளியேறிவிடும். அடைத்து வைத்தால் உள்ளேயே ஏறி, அடுப்பு இருக்கிற வீட்டையே அவித்துவிடும். செல்லின் உள்தடுப்புகள் கிழிந்து, கொழுந்து சிவந்துபோகும்.

இதெல்லாம் போன வருஷப் பயிற்சி வகுப்பில் பொன்னுத்துரை சொன்னது. ஃபேக்டரிக்குக் கொழுந்து சோதிப்பவன் அவன்தான். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். சுகுணா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கட்டின புருஷன் பேசும்போது கேட்காமல் என்ன செய்வாள்?

ஏழு மாதம் முன்பு, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வார்த்தை முற்றி, அவன் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான். அவள் கூப்பிடவில்லை, அவன் வரவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் சளைத்தவர்களா என்ன!

ஆனால் அவனைப் பார்க்க வேண்டும் போல் ஏக்கமாக இருந்தது. திட்டினாலும் பரவாயில்லை, குரலைக் கேட்டால் போதும். கொழுந்து சூடேறிவிட்டதாகத் தகவல் போனால், கைவிட்டுப் பார்க்க அவன் நேரில் வந்தாக வேண்டும்.

சாப்பிட்டுத் திரும்பியபோது சாக்கு அவிழ்ந்திருந்தது. சூப்பர்வைசர் பாலாமணி, பாவம், சுகுணா ஏதோ ஞாபகத்தில் இறுக்கிக் கட்டிவிட்டாள் போல என்று நினைத்து, கொழுந்தை நிழலில் உதறி ஆறவைத்து, மறுபடி சாக்கில் லேசாக அள்ளிப் போட்டிருந்தாள். பச்சைப்பசேலென்று இருந்தது, தொட்டால் சில்லென்றது.

நல்லது செய்தவளை என்ன சொல்வது? சுகுணாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொழுந்து ஏற்றும் லாரி வருமுன்னே, மூடுபனியில் ஒரு ஜீப் வந்து நின்றது. யாரும் தகவல் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் பொன்னுத்துரை இறங்கினான். இளைத்திருந்தான்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றச் சாக்குகளையெல்லாம் தாண்டி நேரே அவள் சாக்குக்கு வந்து, முழங்கை வரை கையை விட்டான். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

“பாலாமணியக்கா, இது ரொம்பச் சூடேறிக் கெடக்குதுங்க,” என்றான். “நாளைக்கும் நானே வந்து பாக்கோணும்.”