எலுமிச்சைக்கு ஒரு சொந்தக்காரன்

அந்தச் சிவப்புக் கார் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகணும். மினுமினுப்பாகப் போகணுமே என்று அதற்கு ஒரே கவலை. காரைக் கழுவ வந்த முதலாளி செண்பகராமன், கடையில் வாங்கிய இரண்டு சோப்பு பாட்டில்களை வாசலில் வைத்தார்.

முகப்பில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்திடம் கார் கேட்டது: "மாமா, இதுல யாரை நம்பலாம்?"

யாரையும் நம்பாததுதான் எலுமிச்சைக்கு வேலையே. படம் எதுவும் இல்லாத பாட்டிலை முறைத்தது. "யாருடா நீ?"

"கார் ஷாம்புங்க. சந்தேகம்னா ஒரு மூலையில தேய்ச்சுப் பாருங்க."

"கேக்காமலே சோதிச்சுப் பாருங்குறான். என்னமோ இருக்கு!"

அடுத்தது பாத்திரம் துலக்கும் சோப்பு. அதன் வயிற்றில் பெரிய எலுமிச்சம்பழப் படம்.

"கும்பிடுறேன் பெரியப்பா," என்றது.

எலுமிச்சை உருகிவிட்டது. "அட, நம்ம பய! எந்தத் தோட்டம்டா?"

செண்பகராமன் ஷாம்பு மூடியைத் திருகினார்.

"கத்துடா!" என்றது எலுமிச்சை. கார் அலாரம் போட்டு அலறியது. பதறிப்போய் ஷாம்புவைக் கொட்டிவிட்டவர், எது நுரைத்தால் என்ன என்று மற்றதை எடுத்துத் தேய்த்தார்.

வெயிலில் காய்ந்ததும், பளபளப்பெல்லாம் போய், சாம்பல் பூசினதுபோல நின்றது கார்.

"மாமா, இப்படி ஆயிடுச்சே!"

எலுமிச்சை ஷாம்பு பாட்டிலை மறுபடி முறைத்தது. "அப்பவே நினைச்சேன்டா. அவன் கண்ணுதான் பட்டிருச்சு."