பீரோவுக்கு அடியில் கேபிள்

மருத்துவமனையில் சீட்டு போடும் அறையில் ஒரு பழைய கணினி இருந்தது. பெயரை அடித்தால் விவரம் வர ஐந்து நிமிடம் ஆகும். காய்ச்சல் குழந்தையோடு காத்துநிற்கும் தாய்மார்கள் அதைத் திட்டுவார்கள். அது கூனிக்குறுகிப் போகும்.

ஒருநாள் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுப் புதுக் கணினியை மாட்டினார்கள். அதற்கும் ஐந்து நிமிடம் ஆனது. பழுதுபார்க்க வந்த தமயந்தி குனிந்து பார்த்தாள். பீரோவின் கால் நெட்வொர்க் கேபிளை நசுக்கிக்கொண்டிருந்தது. பீரோவை நகர்த்தியதும் விவரம் நொடியில் வந்தது.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்று மூலையிலிருந்து கேபிளைக் கேட்டது பழைய கணினி.

"வலிச்சுது. ஆனா எல்லாரும் உன்னாலதான்னு சொன்னாங்களா, நானும் அப்படியே நம்பிட்டேன்" என்றது கேபிள்.



"நானும்தான்" என்றது பழைய கணினி.