ஏரியைப் பார்த்த அறை

ஓரகத்தி சனிக்கிழமை தவறாமல் ஒரு போட்டோ போடுவாள். ஏரியைப் பார்த்த விடுதி அறை, கசங்காத வெள்ளை விரிப்பு. இவளுக்கு வயிறு எரியும்.

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு வாராவாரம் சொகுசு. நமக்கு மொட்டைமாடிக் காத்து."

"அது எந்த இடமோ" என்றான் கணவன்.

போட்டோவின் மேலே சிறிய எழுத்தில் இடத்தின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் வரைபடம் திறந்து தூரத்தையும் சொல்லிவிடும். தொட்டாள். காரில் ஒன்றரை மணி நேரம்.

"அதே ரூம்தான் வேணும். அவ கண்ணு முன்னாடி போய் இறங்கணும்."

அடுத்த சனிக்கிழமைக்கு அந்த அறையையே பதிவு செய்து, பிள்ளைகளோடு சீக்கிரமே போய்விட்டார்கள். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே விடுதிச் சீருடையில் ஓரகத்தி, கையில் அழுக்கு விரிப்புகளோடு நின்றாள்.

ஓரகத்திதான் முதலில் பேசினாள்.

"கொஞ்சம் இருங்கக்கா. பாத்ரூம் மட்டும் கழுவிட்டா ரூம் உங்களுக்குத்தான்."