எட்டாவது டப்பா

“காலைல ஏழு மணிக்குக் கிளம்புனாரு அக்கா. இப்ப மணி மூணு. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது.”

இந்த வாரம் நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் ரூபா இதைச் சொல்வது ஐந்தாவது தடவை. வீட்டுச் சொந்தக்காரி ரத்தினம்மா கீரை ஆய்ந்துகொண்டே உதட்டைச் சுழித்தாள்.

“நல்லா கீது போ உன் குடும்பம். நீ செல்போன் கம்பெனில நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்கற. புதன்கிழமை லீவுக்குக்கூட ஓவர்டைம்னு ஓடற. உன் வூட்டுக்காரரு நாப்பத்தஞ்சு வயசுல டப்பா தேடிக்கினு திரியறாரு.”

டப்பா தேடுவது ஒரு விளையாட்டு. யாரோ ஒருவர் சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, இடத்தைப் போனில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது.

ரூபாவின் கணவர் கமலக்கண்ணன் நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டியவர். நான்கும் பழைய இரும்புக்குப் போன பிறகு குடும்பம் ரேணிகுண்டாவுக்கு வந்தது. ரூபா வேலைக்குப் போனாள். அவர் ஆறு மாதம் வாசற்படியைத் தாண்டவில்லை. ‘இப்ப இன்னா பண்றீங்க?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கவில்லை. கோவிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் ரூபாவோடு வேலை செய்யும் பிரியங்கா இந்த விளையாட்டை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ‘ஏழுமலை’ என்ற பெயரில் எவரோ ஒளித்திருந்த முதல் டப்பா தெருமுனையிலேயே இருந்தது. விடிவதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரமாகப் போய்க் கண்டுபிடித்தார். அதே ஏழுமலையின் இரண்டாவது டப்பா ரயில்வே ஸ்டேஷன் பக்கம். இப்படி ஏழு ஆகிவிட்டது. எட்டாவதுக்கு இன்று வெதுருகுப்பம் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

“காட்டுக்குள்ள பூந்துட்டாரோ இன்னாவோ? செம்மரம் வெட்ட வந்த ஆளுன்னு நெனச்சிட்டா?” என்றாள் ரத்தினம்மா.

“காட்டுக்கெல்லாம் போவத் தேவையில்லக்கா. ஊரத் தாண்டுனதும் பாழடைஞ்ச மண்டபம், அதும் பின்னால புளியமரம்...” ரூபா சட்டென்று நிறுத்தினாள். “அப்படின்னு போனப் பாத்துச் சொன்னாரு.”

“பாழடைஞ்ச மண்டபமா? அங்க பாம்பு இருக்குமேடி!”

பாம்பை ரூபா நினைத்தே பார்க்கவில்லை.

“அந்த டப்பாவ வச்சவன் கை வெளங்காமப் போவ!” என்று ரத்தினம்மா சாபம் விட்டாள்.

“ஆமாக்கா. வெளங்காமத்தான் போவணும்.” ரூபாவின் கண் கலங்கிவிட்டது.

நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். மூன்று பஸ் வந்தது. இறங்கியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஐந்து மணிக்கு மறுபடி போன் செய்தாள். அதே சுவிட்ச் ஆஃப்.

“அக்கா, தொணைக்கு வாங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்.”

செருப்பை மாட்டும்போது ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முன்பின் தெரியாத ஆள். பின்னால் கமலக்கண்ணன். சட்டையெல்லாம் மண், மடியில் ஒரு பை நிலக்கடலை.

“இன்னா ஆச்சு உங்களுக்கு? போன் இன்னா ஆச்சு?”

“சார்ஜ் பூடுச்சி ரூபா. ஊர்க்காரங்க புடிச்சிக்கினாங்க.”

“புடிச்சிக்கினாங்களா!”

“குனிஞ்சி தேடிக்கினு கீறேன். ‘ஏமி வெதுக்குதுன்னாவ்?’னு, இன்னா தேடறேன்னு, தெலுங்குல பின்னால ஒரு கொரலு. திரும்பிப் பாத்தா பத்து பேரு. புதையல் தோண்ட வந்தவன்னு நெனச்சிட்டாங்க. அப்புறம் டப்பாவக் கண்டுபுடிச்சித் தெறந்து காட்டி, வெளையாட்டச் சொல்லி, நோட்டுல அவங்களையும் கையெழுத்து போட வச்சேன். சோறு துன்னாம வுட மாட்டேன்னுட்டாங்க.”

பைக் ஓட்டி வந்தவர் சிரித்தார். “அக்கா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லுங்க. எங்க ஊர்ல இன்னும் நாலு மண்டபம் கீது.”

பால்காரரிடம்கூட வாய் திறக்காத மனிதர் பத்துப் பேரிடம் பேசியிருக்கிறார்.

“இன்னா வேலை பண்றேன்னு கேட்டாங்க ரூபா. பவர்லூம் ஓட்டுனேன், இப்ப சும்மா கீறேன்னு சொல்லிட்டேன். யாரும் சிரிக்கல.”

ரூபா அவர் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். ஆனால் வாயில் வந்தது கோபம்தான்.

“போதும் இந்த ஆட்டம்! இன்னிக்கு எனக்கு உசுரே இல்ல. இத்தோட வுட்டுடுங்க.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்த ஏழுமலை யாருன்னு மட்டும் தெரிஞ்சா, அவரு கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்குவேன்.”

ரத்தினம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை காலை, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ரூபா காளஹஸ்தி பஸ் ஏறினாள். பையில் ஒரு காலி டப்பா, ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். இந்த ஒன்பதாவதையாவது பாம்பு வராத, நாலு பேர் நின்று பேசுகிற இடமாகப் பார்த்து ஒளித்து வைக்க வேண்டும்.