முழிக்கிற முகம்

ஷோரூமில் அந்தச் சொகுசுக் காரின் எதிரே நின்றதும் பல் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. முன்பக்கம் இடுப்பு உயரத்துக்குக் கம்பி கிரில், அதற்கு மேல் முறைக்கிற மாதிரி இரண்டு விளக்குகள்.

"என்ன கம்பீரம் பாரேன்!"

"கம்பீரமா? உங்க பேஷண்ட் மாதிரி வாயைப் பிளந்துட்டு நிக்குது!" என்றாள் மனைவி.

விற்பனைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இப்ப இதுதான் மேடம் ஸ்டைல்."

"தள்ளி நின்னு பார்த்தாலும் இப்படித்தான் கடிக்க வருமா?"

கேட்டவள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, அங்கேருந்து இன்னும் மோசம்!"

டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. எத்தனை வருஷத்து ஆசை! "சரி விடு, உனக்குப் பிடிச்சதாப் பார்ப்போம்" என்று பக்கத்துக் காருக்கு நகர்ந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இதையே புக் பண்ணுங்க."

"சகிக்கலன்னியே?"

"நாம உள்ளதானே உக்காரப் போறோம்? நமக்கு எங்க அந்த மூஞ்சி தெரியப்போகுது?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எதிர்வீட்டுல இருக்கிற உங்க அண்ணிதான், தினம் காலையில கதவைத் திறந்ததும் அதுல முழிக்கணும்!"