புல்லுக்குப் பக்கத்தில் வாடாமல்லி

பக்கத்து வீட்டு நர்ஸ் செடி திருடுவதைச் சர்வேயர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டார்.

விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் குடிக்க எழுந்தவர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெள்ளைச் சீருடையோடு வேலிக்கு மேலே குனிந்து, அவருடைய வாடாமல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"யாரது?" என்று ஒரு சத்தம் போட்டார்.

பையும் செடியுமாக ஓடிவிட்டாள். சர்வேயர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவளுடைய ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது. வேலியோரம் ஒரு குழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள் சொல்ல? நர்சரி திறக்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்சரிக்காரம்மா ஒருத்திதான் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பாள்.

அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த செடிதான் அது. மனைவி கண்ணை மூடிய பிறகு, அவள் வைத்த ரோஜாச் செடியெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய், கடைசியில் மிஞ்சியது வேலியோரத்து அலங்காரப் புல் மட்டும். இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளைக் கதிரை ஆட்டிக்கொண்டு ஒற்றையாக நிற்கும். பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்னவோ போல இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் நர்சரிக்கு வந்து நின்றார்.

"வேலியோரம் நிக்கிற அலங்காரப் புல்லுக்குத் துணையா ஏதாவது வைக்கணும்மா. ரோஜா வைக்கட்டுமா?"

"வேண்டாம் சார். புல்லு மேல சாஞ்சு மூடிடும். ரோஜா மூச்சு முட்டிப் போயிடும்."

"அப்ப கல்வாழை?"

"ரெண்டும் உயரம். ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டு நிக்கும். புல்லு ஒல்லியா ஆடிக்கிட்டே இருக்கு பாருங்க, அதுக்குப் பக்கத்துல குட்டையா, உருண்டையா, ஆடாம நிக்கிற பூதான் எடுப்பா இருக்கும். வாடாமல்லி வைங்க. புல்லு மாதிரியே இதுவும் வெயில் தாங்கும். தண்ணிதான் அளவா ஊத்தணும், இல்லேன்னா வேர் அழுகிடும்."

"பேரே வாடாமல்லி. என் கையில வாடிடுமா?"

டேப் பிடித்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக எட்டுச் செடி வைத்தார். முப்பது வருஷம் நிலம் அளந்த கை. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. அளவாக ஊற்றச் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றுவதை விட்டால் அவருக்கு அன்றைய பொழுதில் வேறு வேலை ஏது?

ஒன்றிரண்டு செடி தலை தொங்கும். மனசு கேட்காமல் இன்னும் அரை வாளி ஊற்றுவார். மறுநாள் காலையில் பார்த்தால் பூவும் மொட்டுமாக ஜம்மென்று நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசுகிற நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் வாடாமல்லிப் பேச்சுதான்.

"அப்பாவுக்குக் கைராசிம்மா!"

அப்படிப்பட்ட செடியில் ஒருத்தி கை வைத்துவிட்டாள்.

நர்சரிக்காரம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். சர்வேயர் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"படிச்ச பொண்ணு! நாலு பேருக்கு மருந்து குடுக்கிற கை! கேட்டிருந்தா நானே தோண்டிக் குடுத்திருப்பேனே! விடப் போறதில்ல. தெருச் சங்கத்துல எழுதிக் குடுக்கப் போறேன்."

"எழுதிக் குடுக்காதீங்க சார்."

"ஏன், உனக்கு வேண்டியவளா?"

"இங்க வர்ற பொண்ணுதான். நேத்து சாயங்காலம்கூட ஒரு வாடாமல்லி வாங்கிட்டுப் போச்சு."

"பாத்தியா! வாங்கவும் செய்யிறா, திருடவும் செய்யிறா. அவ வீட்டுல ஒரு தொட்டிகூடக் கிடையாது. வாங்கினது எங்கே போச்சு?"

நர்சரிக்காரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். ஆனா நீங்க இப்படிப் பேசின பிறகு சொல்லாம இருக்க முடியல. எல்லாம் உங்க வேலியோரத்துலதான் சார் இருக்கு. இதுவரைக்கும் பதினெட்டுச் செடி."

"என்ன?"

"நீங்க ஊத்துற தண்ணிக்கு எந்தச் செடி தாங்கும்? அழுகினதைப் பிடுங்கிட்டு, அதே உயரத்துல பூத்த செடியா வச்சிட்டு டியூட்டிக்குப் போகுது அந்தப் பொண்ணு. இன்னைக்கு நீங்க சத்தம் போட்டதுல பாதியில ஓடியிருக்கும்."

சர்வேயர் அங்கே கவிழ்த்திருந்த தொட்டி மேல் மெல்ல உட்கார்ந்தார். அந்த எட்டில் தான் வைத்தது ஒன்றாவது இருக்கிறதா என்று யோசித்தார். இருக்காது போலிருந்தது.

"எதுக்கும்மா? நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கடைசி ரோஜா பட்டுப்போனப்ப ரெண்டு வாரம் அவர் வாசல் கதவையே திறக்கலக்கா. நாள் முழுக்க வார்டுல நின்னுட்டு வீடு திரும்பினா, வேலியோரம் நின்னு வந்துட்டியாம்மான்னு கேக்க இந்த ஊர்ல அவரை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா'ன்னுச்சு."