மாதம் ஒரு பெட்டி

"முஸ்யே நக்லே வீடுதானே? ஒயின் கிளப்பிலேர்ந்து பேசறோம். இந்த மாசத்துப் பெட்டி நாளைக்கு வீட்டுக்கே வந்துடும், மேடம்."

ஓடெட் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். பிறகு மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பெட்டி?"

"ஒயின் பெட்டி, மேடம். ஈஸ்டர்லேர்ந்து மாசாமாசம் வாங்கறாரே. ஒரு மாசம்கூட விட்டதில்ல. எங்க தங்கமான உறுப்பினர்!"

"உடனே அவர் பேரை லிஸ்ட்லேர்ந்து அடிங்க."

"கொண்டு வர்றவர்கிட்டயே சொல்லிடுங்க, மேடம். முஸ்யே நக்லேயைச் சேர்த்துவிட்டவரே அவர்தான்."

தங்கமான உறுப்பினர், அதாவது அவள் புருஷன், பால்கனியில் உட்கார்ந்து பூனைக்குச் சீஸ் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்த மனுஷன். இனி ஒரு மடக்குகூடக் கூடாது என்று டாக்டர் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"நக்லே! ஒயின் கிளப்புல சேர்ந்திருக்கியா?"

அவர் கை அப்படியே நின்றது. "சேர்ந்திருக்கேன்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"நான் குடிக்கல, ஓடெட்."

"குடிக்கலையா? அப்போ தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கறியா?"

அவர் பூனையைப் பார்த்தார். பூனை ஓடெட்டைப் பார்த்தது.

அன்று அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தப்பூலே சாலட்டுக்குக் கீரை நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் போதும், 'முடியெல்லாம் கலைஞ்சு கிடக்கே, பார்லருக்குப் போயிட்டு வாயேன்' என்பார். இந்த வயசிலும் என்னைக் கவனிக்கிறாரே என்று இவளும் பூரித்துப்போய்க் கிளம்புவாள். எல்லாம் இதற்குத்தானா? சே!

இவர் மறுபடி விழுந்தால் யார் தூக்குவது? மகளோ கனடாவில் இருக்கிறாள். வீடோ நாலாவது மாடி. பாதி நாள் கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லாவிட்டால் லிஃப்டும் கிடையாது. நல்லா இருந்த ஆளை எந்தப் பாவி இதில் இழுத்துவிட்டான்?

மறுநாள் சனிக்கிழமை, அவள் பார்லருக்குப் போகவில்லை.

"முடியெல்லாம்..." என்று ஆரம்பித்தார் நக்லே.

"முடி அப்படியே இருக்கட்டும்."

காபி ஆறுவதற்குள் கீழே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. நக்லே கயிறு கட்டின கூடையை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நழுவப் பார்த்தார். ரொட்டி, காய், மருந்து எல்லாமே அந்தத் தெருவில் கூடையில்தான் மேலே ஏறும். பாட்டிலும் இப்படித்தான் ஏறியிருக்கிறது!

ஓடெட் கூடையைப் பிடுங்கினாள். "நகரு. அவன்கிட்ட நானே பேசிக்கறேன்."

"வேண்டாம், ஓடெட். ஹபீபி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

அவள் கேட்கவில்லை. கம்பியில் சாய்ந்து கத்தினாள்.

"ஏம்ப்பா! பெட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போ! நெஞ்சுவலிக்காரனுக்குப் போய் ஒயின் விக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல? இன்னியோட எங்க பேரை அடிச்சிடு!"

எதிர் பால்கனிகளில் தலைகள் முளைத்தன.

கீழே நின்றவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான்.

ஷுக்ரி. அவளுடைய தம்பி.

அம்மாவின் வீட்டை இவளை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவன். 'எனக்குத் தம்பியே கிடையாது' என்று சொல்லி, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்கூட அவள் கதவைத் திறக்கவில்லை. அவனுடைய ஷூ கடை மூடிப்போனது காதில் விழுந்தபோதும் பேச்சை மாற்றிவிட்டாள். இப்போது முன்னந்தலை முழுக்க நரைத்து, பெட்டியைத் தோளில் வைத்தபடி நிற்கிறான்.

நக்லே அவள் காதோரம் முணுமுணுத்தார். "கிளப்புக்கு ஆள் சேர்த்துவிட்டாத்தான் அவனுக்கு அந்த வேலை நிக்கும். சும்மா பணத்தை நீட்டினா வாங்குவானா? உங்க குடும்பத்து ரோஷமாச்சே!"

"அப்போ பாட்டிலெல்லாம் எங்கே போச்சு?"

பதில் இரண்டாவது மாடியிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுச் சண்டையென்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவரும் சாமியா, தலையை வெளியே நீட்டினாள்.

"அடி ஓடெட், பேரை மட்டும் அடிச்சிடாதே! அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் தொண்டையிலதான் இறங்குது. உன் நக்லே மாசாமாசம் கதவைத் தட்டிக் குடுத்துட்டுப் போறார், புண்ணியவான்!"

தெரு முழுக்கச் சிரித்தது.

ஓடெட் சிரிக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷுக்ரி பெட்டியை மறுபடி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினான்.

"சரிக்கா," என்றான் கீழிருந்து. "பேரை அடிச்சிடச் சொல்றேன். இனிமே இந்தத் தெருப்பக்கம் நான் வரல."

ஸ்கூட்டரை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

"நில்லுடா!"

அவன் காலைக் கீழே ஊன்றினான்.

ஓடெட் கூடையைக் கயிற்றோடு கீழே இறக்கினாள். ஆனாலும் குரல் என்னவோ அதே சண்டைக் குரலாகத்தான் வந்தது.

"மாசத்துக்கு ஒரு தடவைதானா? வாராவாரம் கொண்டு வர்ற மாதிரி ஒண்ணும் கிடையாதா உங்க கிளப்புல?"